ஓசார்க் ஆறுகளில் தூண்டில், வேடர்ஸ், சரளைத் திட்டில் கூடாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசார்க் எங்கே இருக்கிறது? அங்குள்ள ஆறுகள் எல்லாம் ஒரே மாதிரிதானா?

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தின் தென்பகுதி, ஆர்கன்சாவின் வடபகுதி, அதை ஒட்டி ஓக்லஹோமாவிலும் கன்சாஸிலும் ஓர் ஓரம். இவ்வளவும் சேர்ந்ததுதான் ஓசார்க் மேட்டுநிலம். மலை என்று சொன்னாலும் மிக உயர்ந்த இடம்கூட 2,600 அடியைத் தொடாது. விசேஷமெல்லாம் தரைக்கு அடியில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லும் டாலமைட்டும் மழைநீரில் கரைந்து கரைந்து, உள்ளே குகையும் வாய்க்காலுமாக இருக்கிறது. மேலே பெய்யும் மழை பள்ளங்கள் வழியாக உள்ளே இறங்கி, வேறெங்கோ ஊற்றாகப் பொங்கி வெளியே வருகிறது. கரன்ட் ஆற்றங்கரையில் உள்ள பிக் ஸ்பிரிங் ஊற்று ஒரு நாளைக்குச் சராசரியாக நூறு கோடி லிட்டருக்கு மேல் தண்ணீரைத் தள்ளுகிறது.

எனவே ஓர் ஆற்றுக்குப் போகுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதில் ஓடுவது எந்தத் தண்ணீர் என்பதுதான். ஊற்று நீர் என்றால் ஆண்டு முழுதும் 56 முதல் 58 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 14 டிகிரி செல்சியஸ் வாக்கில் வெளிவரும்; குளிர்நீர் மீனான ட்ரவுட் வாழும். கரன்ட், லெவன் பாயின்ட், நார்த் ஃபோர்க் ஆறுகளின் ஊற்றை ஒட்டிய பகுதிகள் இந்த வகை. மழை நீர் என்றால் வசந்தத்தில் கரை புரளும், ஆகஸ்டில் கூழாங்கல் தெரியும். ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீனுக்கு ஏற்ற வெதுவெதுப்பு இருக்கும். பஃபலோ ஆறும் கிங்ஸ் ஆறும் இப்படி. மூன்றாவது அணை நீர்: புல் ஷோல்ஸ் அணைக்குக் கீழே வைட் ஆறு, நார்ஃபோர்க் அணைக்குக் கீழே உள்ள சிறு துண்டு, கிரியர்ஸ் ஃபெரி அணைக்குக் கீழே லிட்டில் ரெட், டேபிள் ராக் அணைக்குக் கீழே ஆறு போல ஓடும் டேனிகோமோ ஏரி. அணையின் அடிமட்டத்திலிருந்து வரும் குளிர்ந்த நீர் என்பதால் இங்கும் ட்ரவுட் உண்டு. ஆனால் இங்கே ஆறு ஏறுவதும் இறங்குவதும் மின்சாரத் தேவையைப் பொறுத்தது. உடுப்பு, இரை, கூடாரம் போடும் இடம் எல்லாமே இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்து மாறும்.

எந்த மாதத்தில் போகலாம்?

ஊற்று ஆறுகளுக்கு எல்லா மாதமும் சரி. ஜூலை சனிக்கிழமைகளில் மட்டும் கரன்ட் ஆற்றின் பக்கம் தலைகாட்டாதீர்கள். டயர் டியூபிலும் கனோவிலும் மிதக்கும் கூட்டத்தில் மீன் எல்லாம் பாறைக்கு அடியில் போய்விடும். வார நாள் காலை 9 மணிக்குள் முடித்துக்கொண்டால் அதே ஆறு வேறு ஆறு.

பஃபலோவின் மேல்பகுதி, அதாவது பான்காவிலிருந்து கீழே வரும் உயர்ந்த பாறைச் சுவர்ப் பகுதி, பெரும்பாலும் மார்ச் முதல் மே வரைதான் படகு விடும் அளவுக்கு ஓடும். ஜூன் கடைசியில் போனால் கனோவைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். அதன் கீழ்ப்பகுதியில் கோடையிலும் தண்ணீர் இருக்கும்.

மிசௌரியில் பெனட் ஸ்பிரிங், ரோரிங் ரிவர், மான்டாக், மெரமெக் ஸ்பிரிங் என்று 4 ட்ரவுட் பூங்காக்கள் உள்ளன. மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை பிடித்த மீனை எடுத்துச் செல்லலாம். காலையில் சங்கு ஊதிய பிறகுதான் தூண்டில் போட வேண்டும். மார்ச் 1 அன்று தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டம். திருவிழாவாகப் பார்த்தால் அழகு, மீன்பிடிப்பாகப் பார்த்தால் தூண்டில் நரம்புச் சிக்கல். குளிர்காலத்தில், பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடும் பருவம் தனியாக உண்டு. அப்போது ஆள் குறைவு, மீன் நிதானம்.

என்ன உரிமம் வேண்டும்?

மிசௌரி, ஆர்கன்சா இரண்டு மாநிலங்களிலும் 16 வயது முதல் மீன்பிடி உரிமம் கட்டாயம், வெளிமாநிலத்தாருக்குக் கட்டணம் கூடுதல். ட்ரவுட்டை எடுத்துப்போக அதற்கென்று தனி அனுமதி வேண்டும். சில நீர்ப்பகுதிகளில் தூண்டில் போடவே அது வேண்டும். மிசௌரியின் ட்ரவுட் பூங்காக்களில் பருவத்தின்போது அன்றாடச் சீட்டும் வாங்க வேண்டும், குழந்தைகளுக்கும் சேர்த்து.

பலர் மாட்டிக்கொள்வது, மிசௌரி தன் ட்ரவுட் ஓடைகளை நிறம் வைத்துப் பிரித்திருக்கும் 'ரிப்பன்' பகுதிகளில்தான். நீல ரிப்பன் பகுதியில் 18 அங்குலத்துக்குக் குறையாத மீன் ஒன்றுதான் எடுக்கலாம். சிவப்பில் 15 அங்குலத்துக்குக் குறையாதவை 2. இவை இரண்டிலும் ஈயும் (இறகும் நூலும் முள்ளில் கட்டிச் செய்த போலிப் பூச்சி) செயற்கை இரையும் மட்டுமே. புழு, சோளமணி, மணமூட்டிய மாவுருண்டை எதுவும் கூடாது. வெள்ளை ரிப்பனில் 4 மீன், எந்த இரையும் போடலாம், ஆனால் பிரவுன் ட்ரவுட் 15 அங்குலம் இருக்க வேண்டும். ஒரே ஆற்றில் ஒரு பாலத்துக்கு மேலே ஒரு நிறம், கீழே வேறு நிறம் என்றிருக்கும். விதி மாறக்கூடியது, அந்த ஆண்டின் கையேட்டைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றுப் பள்ளத்தில் சிக்னல் இருக்காது.

ஃபெல்ட் அடி வைத்த பூட்ஸ் இருக்கிறது. போடலாமா?

மிசௌரியின் ட்ரவுட் நீர்களில் கூடாது. 2012 மார்ச் 1 முதல் தடை: ட்ரவுட் பூங்காக்கள், டேனிகோமோ, நீலம், சிவப்பு, வெள்ளை ரிப்பன் பகுதிகள், அவற்றில் வந்து சேரும் ஓடைகள் எல்லாவற்றிலும். காரணம் டிடிமோ என்ற பாசி. பார்ப்பதற்கு ஈரப் பஞ்சு மெத்தை மாதிரி ஆற்றடியை மூடிவிடும். ஆர்கன்சாவில் வைட் ஆற்றில் ஏற்கெனவே இருக்கிறது. கம்பளி போன்ற ஃபெல்ட் நாள் கணக்கில் ஈரத்தை வைத்திருப்பதால் அந்தப் பாசியை அடுத்த ஆற்றுக்குச் சுமந்து போகிறது.

மாற்று, ரப்பர் அடியில் டங்ஸ்டன் கார்பைடு ஆணி பதித்த பூட்ஸ். ஒரு காலுக்கு 10 முதல் 15 ஆணி போதும். விளிம்பிலும் குதிகாலிலும் அதிகம் வையுங்கள். வெறும் ரப்பர், பாசி படிந்த டாலமைட் பலகைப் பாறையில் சோப்பு மேல் நடப்பது போலிருக்கும். ஆணியோடு வாடகை ராஃப்டிலோ ரப்பர் படகிலோ ஏறாதீர்கள்.

ஆறு மாறும்போது பூட்ஸைச் சேறு போகத் தேய்த்து, 5 விழுக்காடு உப்புக் கரைசலில் ஊறவையுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ உப்பு. ரப்பருக்கும் உலோகத்துக்கும் ஒரு நிமிடம் போதும். துணி, பஞ்சு உள்ள பாகங்கள் நன்றாக உள்வரை நனையும் வரை ஊறட்டும். கரைசல் செய்ய வழியில்லையென்றால் முழுக்கக் காயவைத்து, காய்ந்த பிறகு இன்னும் 48 மணி நேரம் விடுங்கள். தொட்டால் காய்ந்தது போலிருப்பது கணக்கில்லை, நாக்குப்பட்டைக்கு அடியிலும் கயிற்றுத் துளையிலும் விரலை விட்டுப் பாருங்கள்.

வேடர்ஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வேடர்ஸ் என்பது காலிலிருந்து மார்பு வரை வரும் நீர்புகா உடுப்பு. வேட்டையாடும் வேடருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதலில், அது தேவையா என்று யோசியுங்கள். ஜூலையில் பஃபலோவிலோ கிங்ஸிலோ இறங்க அரைக்கால் சட்டை, 2 அல்லது 3 மில்லிமீட்டர் நியோப்ரீன் காலுறை, ஆற்று பூட்ஸ் போதும். சாதாரண ரப்பர்ச் செருப்போடு இறங்காதீர்கள்: ஓசார்க் ஆற்றுப்படுகையில் கிடப்பது செர்ட் என்ற படிகக்கல். உடைந்த முனை கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும்.

ஊற்று ஆறும் அணை ஆறும் என்றால் கோடையிலும் வேடர்ஸ் வேண்டும். வியர்வை வெளியேறும் நைலான் வகையை வாங்கினால் ஆண்டு முழுதும் ஓட்டலாம், குளிருக்கு உள்ளே கம்பளி அல்லது ஃபிளீஸ் கால்சட்டை. ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி வியர்வையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் சில்லிட வைக்கும். நியோப்ரீன் வேடர்ஸ் ஜனவரியில் படகில் அசையாமல் உட்காருபவருக்குத்தான். அதைப் போட்டுக்கொண்டு கரையேறி அரை மைல் நடந்தால் உள்ளேயே ஒரு குளம்.

காலுறையோடு முடியும் வகை, பூட்ஸோடு ஒட்டியே வரும் வகை என இரண்டு உண்டு. கல் நிறைந்த இந்த ஆறுகளுக்கு முதலாவதுதான், கணுக்காலை இறுக்கிக் கட்டும் தனி பூட்ஸோடு. பூட்ஸ் வழக்கமான அளவுக்கு ஓர் எண் கூடுதலாக இருக்கட்டும். கடையில் போட்டுப் பார்க்கும்போது நின்று கண்ணாடி பார்க்காதீர்கள். குத்துக்காலிட்டு உட்காருங்கள், ஒரு காலை நாற்காலி மேல் தூக்கி வையுங்கள். கவட்டில் இழுத்தால் அந்தத் தையல் ஒரு பருவம் தாங்காது. தொளதொளவென்று இருந்தால் இரண்டு தொடையும் உரசி அங்கேயே தேயும்.

வேடர்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் ஆளை அமிழ்த்தி விடுமா?

இல்லை. ஆற்றுக்குள் இருக்கும்வரை உள்ளே புகுந்த தண்ணீருக்கும் வெளியே உள்ளதற்கும் எடை வித்தியாசம் கிடையாது. உயிர் போவது வேறு இரண்டு காரணத்தால். கால்கள் ஊதிப்போய் நீந்தவும் எழவும் முடியாமல் நீரோட்டம் இழுப்பது ஒன்று. கரைக்கு வந்தும், நாலைந்து குடம் தண்ணீரைச் சுமந்துகொண்டு மேலே ஏற முடியாமல் போவது இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து இடுப்பு வார். வயிற்றை லேசாக அழுத்தும் அளவுக்கு வேடர்ஸின் மேல் இறுக்கிக் கட்டினால் தண்ணீர் கால்வரை இறங்க நேரமாகும். வேடர்ஸ் வாங்கினால் இலவசமாகத் தரும் அந்த வாரை வீட்டில் விட்டுவிட்டு வருவோர் பலர். விழுந்துவிட்டால் மல்லாந்து, பாதம் நீரோட்டத் திசையில் முன்னே இருக்க, கரையை நோக்கிச் சாய்ந்து கையால் துழாவுங்கள். இடுப்பளவு ஓட்டத்தில் நிற்க முயன்றால் பாறை இடுக்கில் பாதம் சிக்கும். முழங்கால் ஆழம் வந்த பிறகு எழுங்கள்.

ஓடும் ஆற்றில் எப்படி நடப்பது?

இந்த ஆறுகளின் தெளிவே ஆபத்து. ஒளிவிலகலால் 4 அடி ஆழம் 3 அடியாகத் தெரியும். கண்ணுக்கு முழங்கால், காலுக்கு இடுப்பு.

ஓட்டத்துக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், உடம்பின் அகலத்தைத் தண்ணீருக்குக் காட்டாதீர்கள். கைத்தடி மேல்நீர்ப் பக்கம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் நகரலாம்: தடி, பிறகு ஒரு கால், பிறகு மறு கால். காலைத் தூக்கி வைக்காமல் படுகையோடு தேய்த்து நகர்த்துங்கள். ஒரு காலுக்கு முன்னால் மற்றதைக் குறுக்கே போடக் கூடாது. பெரிய பாறையின் மேல் ஏறி நிற்பதைவிட அதன் கீழ்நீர்ப் பக்கத்துச் சரளையில் கால் வைப்பது நல்லது, அங்கே ஓட்டமும் குறைவு.

கடப்பதற்கு, மடு முடிந்து ஆறு அகலமாகிச் சலசலக்கத் தொடங்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கீழே வளைவோ, வெள்ளத்தில் சாய்ந்த மரத்தின் வேர்க்கொத்தோ இருந்தால் அங்கே வேண்டாம். அந்த வேர்க்கொத்து சல்லடை மாதிரி: தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது. வேகமான நீரில் நடுத்தொடைக்கு மேல் ஏறினால் திரும்பிவிடுங்கள். முன்னால் நீரோட்டத்தோடு எளிதாக இறங்கிவிட்ட இடத்திலிருந்து எதிரோட்டத்தில் ஏறி வர வேண்டும் என்பது பலருக்குத் தாமதமாகத்தான் நினைவுக்கு வரும்.

அணைக்குக் கீழே தண்ணீர் எப்போது ஏறும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புல் ஷோல்ஸில் 8 டர்பைன், டேபிள் ராக்கில் 4, நார்ஃபோர்க்கிலும் கிரியர்ஸ் ஃபெரியிலும் இரண்டிரண்டு. மறுநாள் எந்த மணிக்கு எவ்வளவு மின்சாரம் எடுக்க உத்தேசம் என்ற அட்டவணையை சவுத்வெஸ்டர்ன் பவர் அட்மினிஸ்ட்ரேஷன் வெளியிடுகிறது. அணையில் அந்த நேரத்து வெளியேற்றத்தை ராணுவப் பொறியாளர் படையின் பக்கத்தில் பார்க்கலாம். மேட்டூர் செய்தியில் வரும் அதே கனஅடிக் கணக்குதான். புல் ஷோல்ஸில் டர்பைன் ஓடாதபோது மீனுக்காக விடும் குறைந்தபட்ச நீர் 800 கனஅடி வாக்கில். ஒரு டர்பைன் முழுதாக ஓடினாலே சுமார் 3,000. 800-ல் நடந்து கடந்த இடம், 3,000-ல் நீந்தக்கூட முடியாத இடம்.

அட்டவணை உத்தேசம்தான். கோடை மதியத்தில் ஊரே ஏசியைப் போட்டால் அறிவிப்பில்லாமல் டர்பைன் ஓடும். அணையடியில் சங்கு ஊதும், 5 மைல் கீழே நிற்பவருக்கு அது கேட்காது. புல் ஷோல்ஸ் அணையில் திறந்த தண்ணீர் காட்டர் ஊர்ப் பாலத்துக்கு வந்து சேர சில மணி நேரம் ஆகும். அதனால் அணையில் நிறுத்திய பிறகும் காட்டரில் வெள்ளம் ஓடிக்கொண்டிருக்கும், அணையில் திறந்த பிறகும் காட்டரில் ஆறு அமைதியாகத் தெரியும்.

இறங்கியதும் பாதி நனைந்த கல் ஒன்றைக் குறி வைத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். கல் மறைந்தாலோ, காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, ஆற்றின் ஓசை கூடினாலோ உடனே கார் நிற்கும் கரைக்கு நடங்கள். சிக்கிய தூண்டிலை எடுத்துவிட்டு வருகிறேன் என்று நிற்காதீர்கள், நரம்பை அறுத்துவிடுங்கள். திட்டில் நின்று பிடிப்பவர் திட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள வாய்க்காலைத்தான் கவனிக்க வேண்டும். முதலில் ஆழமாவது அதுதான்.

வேடர்ஸ் ஒழுகுகிறது. எங்கே என்று தெரியவில்லை.

முதலில் அது ஒழுகலா, வியர்வையா என்று பாருங்கள். இரண்டு காலும் சமமாக, மெல்லிய ஈரமாக இருந்தால் வியர்வை. ஒரு காலுறையில் மட்டும் சொதசொதவென்று இருந்தால் ஓட்டை.

காயவைத்து உட்புறம் வெளியே வரத் திருப்புங்கள். தெளிப்புப் போத்தலில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் எடுத்து உட்புறத்தில் அடியுங்கள். கோர்டெக்ஸ் போன்ற சவ்வு உள்ள துணியில் ஊசித்துளை இருக்கும் இடம் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். பேனாவால் வட்டம் போட்டு, உலர்ந்த பின் அக்வாசீல் பசையை விரல்நகம் அகலத்துக்கு மெல்லிசாகத் தேய்த்து, ஓர் இரவு சமதளத்தில் கிடத்துங்கள். தடிமனாகப் பூசினால் மடியும் இடத்தில் உரிந்து வரும். துணியில் இல்லையென்றால் நியோப்ரீன் காலுறைத் தையல்தான்: அதற்கு ஆல்கஹால் வேலை செய்யாது. மேலிருந்து சுருட்டிக் காற்றை அடைத்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பாருங்கள். காலுறை கிழிவதற்குப் பெரும்பாலும் உள்ளே புகுந்த ஒரே ஒரு பொடிக்கல்தான் காரணம். பூட்ஸ் கழுத்தை மூடும் உறையை மாட்டாததால் வருவது. ஈரத்தோடு சுருட்டிக் காரின் பின்பெட்டியில் போட்டு ஒரு வாரம் மறந்தால் தையல் நாடா பிசின் விட்டுவிடும், அதைப் பழுதுபார்ப்பது வீண்.

ட்ரவுட்டுக்கு எந்தத் தூண்டில், எந்த இரை?

சுழல் ராட்டைக்காரருக்கு: 6 அடி மெல்லிய கம்பு, 4 பவுண்டு நரம்பு. ஊற்று நீரில் 8 பவுண்டு நரம்பு கயிறு மாதிரி தெரியும், மீன் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். இரை, மாராபூ இறகு கட்டிய 1/16 அல்லது 1/8 அவுன்ஸ் ஜிக் (தலையில் எடை வைத்த முள்), ஆலிவ் அல்லது பழுப்பு. எறிந்து, அடியைத் தொட விட்டு, இரண்டு சிறு சுண்டு, ஒரு நிறுத்தம். கடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில் விழும். டேனிகோமோவில் அணையிலிருந்து ஃபால் க்ரீக் வரை ஈயும் மணமற்ற செயற்கை இரையும் மட்டுமே. அங்கே 12-க்கும் 20 அங்குலத்துக்கும் இடைப்பட்ட ரெயின்போ ட்ரவுட்டை விட்டுவிட வேண்டும்.

ஈத்தூண்டில்காரருக்கு 9 அடி, 5 எடைக் கம்பு. அணை ஆறுகளில் மீன் தின்பது பெரும்பாலும் சோபக், ஸ்கட் என்னும், இறால் இனத்தைச் சேர்ந்த அரிசி அளவுச் சிற்றுயிர்களை. 14 முதல் 18 எண் முள்ளில் சாம்பல் நிறத்தில் கட்டியதும், 16 அல்லது 18 எண் ஜீப்ரா மிட்ஜ் என்ற ஈயும் போதும். மீன் கடிப்பதைக் காட்டும் மிதப்புக்குக் கீழே நரம்பின் நீளம் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். ஒன்றும் கடிக்கவில்லையென்றால் ஈயை மாற்றுவதற்கு முன் ஆழத்தை மாற்றுங்கள். பத்துக்கு எட்டு முறை குறை அதில்தான். நவம்பர், டிசம்பரில் சரளையில் வெளுப்பாகத் துப்புரவாகத் தெரியும் வட்டங்களை மிதிக்காதீர்கள், அவை பிரவுன் ட்ரவுட்டின் முட்டைப் படுகை. தண்ணீர் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ட்ரவுட் பிடிப்பதை நிறுத்திவிடுங்கள். விடுவித்தாலும் பிழைக்காமல் போகலாம்.

(இதே ரெயின்போ ட்ரவுட்தான் நீலகிரியின் அவலாஞ்சிப் பொரிப்பகத்திலும் இருக்கிறது. ஓசார்க்குக்கும் அது வந்த மீன்தான். மிசௌரியின் கிரேன் க்ரீக் ஓடையில் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் விட்ட கலிஃபோர்னியாவின் மக்ளவுட் வம்சம் இன்றும் தானே பெருகி வாழ்கிறது.)

ஸ்மால்மவுத் பாஸ்?

இதுதான் இந்த மண்ணின் சொந்த மீன், இந்த ஆறுகளுக்கு வருவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது என்பது எங்கள் கட்சி. அது தின்பது நண்டு வகை, குறிப்பாக க்ராஃபிஷ். பச்சைப் பூசணி நிறத்தில் 3 அங்குல ரப்பர் டியூப் இரை அல்லது நெட் ரிக் என்ற ரப்பர்க் குச்சி இரை, 1/16 முதல் 1/8 அவுன்ஸ் தலை, 6 பவுண்டு நரம்பு. மடுவின் நடுவில் எறிந்து நேரத்தை வீணாக்காதீர்கள். வேகமான நீர் மடுவுக்குள் கொட்டும் வாயிலும், ஓட்டத்தில் முங்கிய பாறையின் முன்னும் பின்னும் போடுங்கள். அடியில் தட்டித் தட்டி வரட்டும். சிக்காமல் வந்தால் அடியைத் தொடவில்லை என்று பொருள். மிசௌரியின் தென்பகுதி ஓடைகளில் மே மாதக் கடைசி வாரம் தொடங்கி பிப்ரவரி முடியும்வரைதான் எடுத்துச்செல்ல அனுமதி. முட்டையிடும் காலத்தில் பிடித்தால் விட்டுவிட வேண்டும். 12 அங்குல ஸ்மால்மவுத் வளர இந்த ஓடைகளில் பல ஆண்டுகள் ஆகும். சாப்பிட வேண்டுமானால் அதே பாறையடியில் கிடைக்கும் காகிள் ஐ என்ற சிவப்புக்கண் மீனை எடுங்கள், ருசியும் கூட.

சரளைத் திட்டில் கூடாரம் போடுவது பாதுகாப்பா?

வானம் தெளிந்திருந்தால் இதைவிட நல்ல இடம் கிடையாது: காற்று வரும், உண்ணி குறைவு, தரை வடியும். மழை வாய்ப்பு இருந்தால் போடவே கூடாது. மழை தலைக்கு மேல்தான் பெய்ய வேண்டும் என்பதில்லை. 30 மைல் மேலே பெய்தது நள்ளிரவில் வந்து சேரும். கரன்ட் ஆறு வான் பியூரன் ஊரில் 1904-ல் 29 அடி உயர்ந்ததே நூறாண்டுக்கு மேல் சாதனையாக இருந்தது. 2017 ஏப்ரல் 30 அன்று 37 அடியைத் தாண்டியது. ஓசார்க்குக்குத் தெற்கே வாஷிட்டா மலையில், 2010 ஜூன் 11 விடியலுக்கு முன் லிட்டில் மிசௌரி ஆறு ஆல்பர்ட் பைக் முகாமுக்குள் புகுந்தபோது 20 பேர் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட நேரமில்லாமல் இறந்தார்கள்.

இடம் பார்க்கும் முறை: மரக்கிளைகளில் சிக்கிய வைக்கோலும் சுள்ளியும் எந்த உயரத்தில் தொங்குகின்றன என்று பாருங்கள், கடந்த வெள்ளம் அங்கே வரை வந்தது. திட்டின் உச்சியில், காட்டுமேட்டோடு ஒட்டியிருக்கும் பக்கத்தில் போடுங்கள். திட்டுக்குப் பின்னால் பழைய வாய்க்கால் இருந்தால் அந்தத் திட்டே வேண்டாம். தண்ணீர் ஏறினால் முதலில் பின்வாசல்தான் அடைபடும். இருட்டுமுன் மேட்டுக்கு ஏறும் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, படுக்குமுன்னும் இடையில் விழிக்கும்போதும் டார்ச் அடித்துப் பாருங்கள். கனோவை இழுத்து மேலே போட்டால் போதாது, மரத்தில் கட்டுங்கள்.

சரளையில் கூடார முளை நிற்காது. தானாக நிற்கும் சட்டகக் கூடாரம் எடுத்து வந்து, மூலைக் கயிற்றைச் சுள்ளியில் கட்டி, அதைக் கிடையாகப் புதைத்து மேலே தேங்காய் அளவுக் கற்களை அடுக்குங்கள். மேலுறையைத் தெளிந்த இரவிலும் போடுங்கள், ஆற்றுப்பனி விடிவதற்குள் படுக்கையை நனைத்துவிடும். தீ மூட்ட ஆற்றிலிருந்து எடுத்த ஈரக்கல்லை அடுப்பாக வைக்காதீர்கள். உள்ளே ஆவி அடைபட்டு வெடித்துச் சில்லு தெறிக்கும். விறகை வீட்டிலிருந்து கொண்டுவராதீர்கள், ஆஷ் மரத்தை அரிக்கும் வண்டு விறகில்தான் பயணம் செய்கிறது.

கனோவில் போவோர் கண்ணாடிப் பாட்டில் எடுத்துச் செல்லக் கூடாது. நுரைப் பெட்டியும் கூடாது. ஐஸ் பெட்டிக்குப் பூட்டும் மூடியும், குப்பைக்கு வலைப்பையும் மிசௌரியில் சட்டப்படி வேண்டும்.

கரையில் யாருடைய நிலம் என்று எப்படித் தெரியும்?

கரன்ட், ஜாக்ஸ் ஃபோர்க் ஆறுகளின் 134 மைல் 1964 முதல் தேசியப் பூங்காத் துறையிடம் இருக்கிறது. பஃபலோ 1972-ல் நாட்டின் முதல் தேசிய ஆறு ஆனது. இவற்றில் பெரிதாகச் சிக்கல் இல்லை. மற்ற ஆறுகளில் மிசௌரி உச்ச நீதிமன்றம் 1954-ல் மெரமெக் ஆறு தொடர்பான எல்டர் எதிர் டெல்கோர் வழக்கில், படுகை தனியாருடையதானாலும் படகு விடக்கூடிய ஓடையில் பொதுமக்கள் மிதக்கலாம், இறங்கி நடக்கலாம், மீன் பிடிக்கலாம் என்றது. அதை வைத்துக்கொண்டு யாருடைய வயல் வழியாகவும் ஆற்றுக்கு இறங்க முடியாது. மரத்தில் ஊதா நிறப் பட்டை அடித்திருந்தால் மிசௌரியில் அது 'உள்ளே வராதே' பலகைக்குச் சமம்.

ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

பார்க்க நீலமாக இருக்கும், குடிக்காதீர்கள். மண் வடிகட்டிய தண்ணீர் அல்ல அது. பாறைக் குழாயில் ஓடி வந்தது. மிசௌரியின் கிராண்ட் கல்ஃப் பள்ளத்தில் இறங்கும் தண்ணீர் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் தள்ளி, ஆர்கன்சாவின் மாமத் ஸ்பிரிங் ஊற்றில் வெளிவருவதைச் சாயம் கலந்து பார்த்திருக்கிறார்கள். நடுவே மாட்டுப்பண்ணை இருந்தால் அதுவும் சேர்ந்துதான் வரும். ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்க வையுங்கள், அல்லது 0.1 மைக்ரான் வடிகட்டி. அதே காரணத்தால் சோப்புத் தண்ணீரையும் கழிப்பிடக் குழியையும் ஆற்றிலிருந்து 200 அடி தள்ளி, மண் உள்ள இடத்தில் வையுங்கள், 6 முதல் 8 அங்குல ஆழம். நிலத்தில் கிண்ணம் போல் இறங்கிய பள்ளம் எதிலும் எதையும் கொட்டாதீர்கள்.

பாம்பா, உண்ணியா, எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

உண்ணிக்கு. காப்பர்ஹெட், காட்டன்மவுத் என்ற விஷப்பாம்புகள் இருக்கின்றன. கை வைக்குமிடத்தைப் பார்த்து வைத்தால் போதும். லோன் ஸ்டார் உண்ணி (பெண்ணுக்கு முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி) கடித்து, சிலருக்கு ஆல்ஃபா-கேல் ஒவ்வாமை வந்துவிடுகிறது: ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி எதுவும் ஒத்துக்கொள்ளாது. மட்டன் சாப்பிட்டு 2 முதல் 6 மணி நேரம் கழித்து தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல். இரவுச் சாப்பாட்டுக்கு நள்ளிரவில் வருவதால் காரணத்தை ஊகிப்பதே கடினம்.

கால்சட்டைக்கும் காலுறைக்கும் 0.5 விழுக்காடு பெர்மெத்ரின் பூச்சிக்கொல்லி தெளித்து, வீட்டிலேயே காயவைத்து எடுத்து வாருங்கள். தோலில் படக் கூடாது. ஆற்றில் கழுவக் கூடாது, மீனுக்கு விஷம். தோலுக்கு டீட் என்ற பூச்சிவிரட்டி. அதைத் தடவிய கையால் ஈத்தூண்டில் நரம்பைத் தொட்டால் அதன் பூச்சு பிசுபிசுத்துக் கெட்டுவிடும், புறங்கையால் தடவுங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சி, வாசலின் வைத்தியம் வேண்டாம்.

தூண்டிலில் பல்லி மாதிரி வழவழப்பாக ஒன்று மாட்டியது. என்ன செய்வது?

ஓசார்க் ஹெல்பெண்டர், 2 அடி வரை வளரும் நீர்ச் சாலமாண்டர். விஷமில்லை. 2011 முதல் அருகிவரும் உயிரினமாகப் பாதுகாக்கப்படுகிறது. முள்ளைப் பிடுங்காமல் நரம்பை முள்ளருகே அறுத்துத் தண்ணீரிலேயே விடுங்கள். படுகையில் பெரிய பலகைக்கற்களைப் புரட்டாதீர்கள், அதன் வீடு அதன் அடியில்தான்.

சக்கர் மீனை உள்ளூர்க்காரர்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்களாமே, முள் தொண்டையில் குத்தாதா?

குத்தும், கீறாமல் பொரித்தால். சக்கர், கெண்டைக்கு உறவு. சதையெங்கும் கவை முள். குளிர்காலத்தில் இரவில் விளக்கு கட்டிய படகிலிருந்து ஈட்டியால் குத்திப் பிடிப்பது இங்கே பரம்பரை வழக்கம். அதற்குத் தனிப் பருவமும் விதியும் உண்டு, பாஸையும் ட்ரவுட்டையும் ஈட்டியால் தொடக் கூடாது. தூண்டிலுக்கு என்றால் வசந்தத்தில் மண்புழுவை அடியில் கிடத்துங்கள்.

செதில் சுரண்டி, தோலோடு துண்டம் எடுங்கள். தோல் கீழே இருக்க, கூரிய கத்தியால் 1/8 அங்குல இடைவெளியில் குறுக்காகக் கீறிக்கொண்டே போங்கள். முள் நறநறவென அறுபடும் ஓசை கேட்க வேண்டும், தோல் அறுபடக் கூடாது. உப்பு, மிளகு கலந்த சோளமாவைக் கீறலுக்குள்ளும் போகும்படி புரட்டி, 375 டிகிரி ஃபாரன்ஹீட் எண்ணெயில் முங்கப் பொரியுங்கள். சூடு அதற்குக் குறைந்தால் முள் வேகும், மொறுமொறுக்காது. ஒரு சட்டியில் நாலு துண்டுக்கு மேல் போட்டால் சூடு இறங்கிவிடும். குமிழி அடங்கி, துண்டின் ஓரம் கரும்பொன் நிறமானதும் எடுங்கள்.